டிடிஎஸ்: சாஃப்ட்வேர் பிடிக்கும், யார்கிட்ட எவ்வளவுன்னு நாமதான் சொல்லணும்

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்கள் குறைக்கப்பட்டுள்ளன. விகிதங்களும் வரம்புகளும், வேறு தேதி சொல்லாத இடங்களில், 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

இன்னைக்கு ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம். நீங்க ஒரு ஆர்க்கிடெக்ட்னு வச்சுக்கோங்க. ஒரு கம்பெனிக்கு வேலை முடிச்சுக் கொடுத்து ஒரு லட்சம் ரூபாய்க்கு பில் போடறீங்க. அதுக்கு மேல ஜிஎஸ்டி 18,000. மொத்தம் 1,18,000. பேங்க்ல வந்து விழுந்தது 1,08,000. மீதி பத்தாயிரம் எங்க?

டிடிஎஸ். பணம் கொடுக்கிறவரே வரியைப் பிடிச்சு, உங்க பான் நம்பர்ல அரசாங்கத்துக்குக் கட்டிடறார். நீங்க ரிட்டர்ன் போடும்போது அதைக் கழிச்சுக்கலாம், உங்க வரியைவிட அதிகமா இருந்தா ரீஃபண்ட் வரும். இது வரைக்கும் நிறைய பேருக்குத் தெரியும். ஆனா அந்தப் பத்தாயிரம்னு முடிவு பண்ணினது யாரு? பெரும்பாலும் அன்னைக்கு யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணல. அந்தக் கம்பெனியோட அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல எப்பவோ ஒருத்தர் செட் பண்ணி வச்ச விதி அது. விதி சரியா இருந்தா பத்தாயிரம் உங்க 26ஏஎஸ்-ல வந்து நிக்கும். உங்களை கான்ட்ராக்டர்னு போட்டு வச்சிருந்தா ஆயிரம் மட்டும் பிடிப்பாங்க. உங்க பான் நம்பரை ஏத்தாம விட்டிருந்தா இருபதாயிரம் போயிடும். பான்ல ஒரு எழுத்து மாறியிருந்தா பணம் இன்னொருத்தர் கணக்குல போய் உட்காரும்.

நான் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கிறவன். புதுசா ஒரு ஆபீஸுக்குப் போனா முதல்ல பேலன்ஸ் ஷீட்டைத் திறக்க மாட்டேன், டிடிஎஸ் செட்டிங்ஸைத்தான் திறப்பேன். அந்த ஆபீஸ் யார் பணத்தை எவ்வளவு கவனமா கையாளுதுன்னு அங்கேயே தெரிஞ்சிடும். இந்த எபிசோட் ரெண்டு தரப்புக்கும். ஸ்டார்ட்-அப்ல அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவங்களுக்கும், அவங்ககிட்ட பில் போடற ஃப்ரீலான்ஸர்களுக்கும்.

சாஃப்ட்வேர் கேட்கிற நாலு கேள்வி

டாலி பிரைம், ஜோஹோ புக்ஸ், இஆர்பிநெக்ஸ்ட், எதை எடுத்தாலும் ஸ்க்ரீன் வேற வேற. உள்ளே கேட்கிற கேள்வி நாலுதான். பணம் யாருக்கு? எதுக்காக? இந்த வருஷம் அவருக்கு இதுவரைக்கும் எவ்வளவு? எந்தத் தேதியில? இந்த நாலுக்கும் பதில் இருந்தா வரித்தொகை தானா வந்திடும். பதிலை நாம தப்பாக் கொடுத்தா, சாஃப்ட்வேர் அந்தத் தப்பை ஒரு மாசம் கூட விடாம, ரொம்ப ஒழுங்கா செஞ்சுகிட்டே இருக்கும். கையால கணக்கு எழுதின காலத்துல தப்பு ஒரு தடவைதான் நடக்கும். இப்போ அதுவும் ஆட்டோமேட்டிக்.

டாலியில வழி இதுதான். எஃப்11 அழுத்தி டிடிஎஸ்-ஐ ஆன் பண்ணணும். கம்பெனியோட டான் நம்பரைக் கொடுக்கணும். பான் வேற, டான் வேற. டான் என்பது வரி பிடிக்கிறவருக்கான பத்து எழுத்து எண். அப்புறம் 'நேச்சர் ஆஃப் பேமெண்ட்'னு ஒரு மாஸ்டர். எந்தப் பிரிவு, தனிநபருக்கு எத்தனை சதவீதம், மத்தவங்களுக்கு எத்தனை, வரம்பு எவ்வளவுன்னு அதுலதான் இருக்கும். பிறகு செலவு லெட்ஜர்ல இதுக்கு டிடிஎஸ் உண்டுன்னும், பார்ட்டி லெட்ஜர்ல இவருக்குப் பிடிக்கணும், இவர் இந்த வகைன்னும் சொல்லணும். கடைசியா, பிடிச்ச தொகை போய்ச் சேர 'டியூட்டீஸ் அண்ட் டாக்ஸஸ்' குரூப்புக்குக் கீழே ஒரு லெட்ஜர். அஞ்சு இடம். இதுல நாலு சரியா இருந்து ஒண்ணு விட்டுப்போனாலும் வரி பிடிபடாது. பெரும்பாலும் எர்ரர் மெசேஜும் வராது. அதுதான் பிரச்சனை.

யாருக்கு: பான் நம்பரோட நாலாவது எழுத்து

பிரிண்டர் ஒருத்தர் பேரு 'ஸ்ரீ ஏதோ ஒரு பிரிண்டர்ஸ்'. லெட்டர்ஹெட் இருக்கு, சீல் இருக்கு, ஜிஎஸ்டி நம்பர் இருக்கு. டேட்டா என்ட்ரி பண்றவர் அதைப் பார்த்து 'கம்பெனி'ன்னு போட்டுடுவார். ஆனா அது ஒரு ஆள் நடத்துற புரொப்ரைட்டர்ஷிப்பா இருக்கும். சட்டத்துக்கு அவர் தனிநபர். 194சி பிரிவுல கான்ட்ராக்டர் தனிநபராவோ கூட்டுக் குடும்பமாவோ இருந்தா 1%, மத்தவங்களுக்கு 2%. நீங்க ரெண்டு மடங்கு பிடிச்சுட்டு இருப்பீங்க.

இதுக்கு யார்கிட்டயும் போன் பண்ணிக் கேட்க வேண்டியதில்ல. பான் நம்பரோட நாலாவது எழுத்தைப் பாருங்க. பி-ன்னா தனிநபர். சி-ன்னா கம்பெனி. ஹெச்-ன்னா இந்து கூட்டுக் குடும்பம். எஃப்-ன்னா பார்ட்னர்ஷிப் ஃபர்ம். டி-ன்னா டிரஸ்ட். பேரு என்ன சொன்னாலும் சரி, இந்த எழுத்து சொல்றதுதான் கணக்கு. வெண்டர் லிஸ்ட்டை எக்ஸெலுக்கு எடுத்து, நாலாவது எழுத்தை மட்டும் தனி காலத்துல பிரிச்சு, பக்கத்துல சாஃப்ட்வேர்ல போட்டிருக்கிற வகையை வச்சுப் பார்த்தா அரை மணி நேர வேலை. நான் இதைச் செஞ்சு ஒண்ணுமே மாறாம இருந்த ஆபீஸ் ரொம்பக் குறைவு.

பான் நம்பரே கொடுக்கலன்னா 206ஏஏ பிரிவுப்படி பொதுவா 20%. இன்னொண்ணும் இருக்கு. ஆதாரோட இணைக்காததால பான் செயல்படாத நிலைக்குப் போயிருந்தாலும் அதே உயர் விகிதம்தான். ஆகவே பான் வாங்கிப் போட்டா மட்டும் போதாது, அது உயிரோட இருக்கான்னு டிரேசஸ் தளத்துல சரிபார்க்கணும். சிலர் 197-வது பிரிவுல குறைந்த விகிதத்துக்கான சான்றிதழ் வாங்கி வச்சிருப்பாங்க. டாலியில பார்ட்டி லெட்ஜருக்குள்ள அதுக்குன்னு இடம் இருக்கு. சான்றிதழ் எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை சதவீதம். முடியுற தேதியைப் போடாம விட்டா அடுத்த வருஷமும் குறைச்சுப் பிடிச்சுட்டு இருப்பீங்க.

எதுக்காக: லெட்ஜர் பேரை நம்பாதீங்க

'ரிப்பேர்ஸ் அண்ட் மெயின்டனன்ஸ்'னு ஒரு லெட்ஜர் எல்லா ஆபீஸிலயும் இருக்கும். ஏசி சர்வீஸ் அதுல போகும், சர்வர் கோளாறுக்கு வந்து பார்த்த என்ஜினியர் பில்லும் அதுல போகும். ஏசி-க்கு வருஷத்துக்கு நாலு தடவை வந்து ஃபில்டர் கழுவிட்டுப் போற வழக்கமான பராமரிப்பு ஒப்பந்தம் 194சி. தொழில்நுட்ப நிபுணத்துவம் கொடுக்கிற சேவைன்னா 194ஜே. அதுலயும் டெக்னிக்கல் சேவைக்கு 2%, டாக்டர், வக்கீல், ஆடிட்டர், ஆர்க்கிடெக்ட் மாதிரி தொழில்முறை சேவைக்கு 10%. செலவு லெட்ஜர்ல ஒரே ஒரு டீஃபால்ட்டைப் போட்டு வச்சா, உள்ளே போற எல்லாப் பில்லுக்கும் அதே விகிதம்தான் ஓடும்.

என் வழக்கம், ஒரு லெட்ஜர்ல ரெண்டு வகை சேவை வந்தா லெட்ஜரையே ரெண்டாப் பிரிச்சுடறது. சிலர் பில் போடும்போது மாத்திக்கலாம்னு சொல்வாங்க. மாத்தலாம்தான். சாயங்காலம் ஆறரை மணிக்கு முப்பதாவது பில் என்ட்ரி போடறவர் மாத்துவாரான்னு யோசிங்க.

இதுவரைக்கும் எவ்வளவு: இங்கதான் பெரிய சிக்கல்

194சி-க்கு ரெண்டு வரம்பு. ஒரு பில் 30,000-ஐத் தாண்டினா பிடிக்கணும். தனித்தனி பில் சின்னதா இருந்தாலும், வருஷ மொத்தம் 1,00,000-ஐத் தாண்டினா பிடிக்கணும்.

அந்தப் பிரிண்டரையே எடுத்துக்குவோம். ஏப்ரல்ல 25,000. ஜூன்ல 28,000. ஆகஸ்ட்ல 27,000. நவம்பர்ல 26,000. எந்த பில்லும் முப்பதாயிரத்தைத் தொடல. ஆகஸ்ட் வரைக்கும் மொத்தம் 80,000, பிடித்தம் கிடையாது. நவம்பர் பில்லோட 1,06,000. வரம்பு தாண்டிடுச்சு. இப்போ எவ்வளவு பிடிக்கணும்? 26,000-க்கு 1%, 260 ரூபாயா? இல்ல. தாண்டின 6,000-க்கு 60 ரூபாயா? அதுவும் இல்ல. தாண்டின உடனே மொத்தத் தொகைக்கும் பிடிக்கணும். 1,06,000-க்கு 1%, அதாவது 1,060.

அன்னைக்கு போன் வரும். "என்ன தம்பி, இருபத்தாறாயிரம் பில்லுக்கு ஆயிரத்து அறுபது பிடிச்சிருக்கீங்க, இது என்ன கணக்கு?" அவர் கோபம் நியாயம்தான், யாரும் முன்னாடி சொல்லல. "அண்ணே, ஏப்ரல்லேர்ந்து வந்த நாலு பில்லுக்கும் சேர்த்து இப்போ பிடிச்சிருக்கோம், உங்க 26ஏஎஸ்-ல வந்திடும்"னு சொல்ல உங்களுக்குத் தெரியணும். வரம்பு நெருங்கும்போதே ஒரு வாட்ஸ்அப் தட்டி விடறது இன்னும் நல்லது.

இதே மாதிரி எல்லாப் பிரிவும் நடக்காது. 194க்யூ-ன்னு ஒண்ணு இருக்கு, சரக்கு வாங்கறதுக்கு. போன வருஷம் 10 கோடிக்கு மேல விற்பனை இருந்த நிறுவனம், ஒரே ஆள்கிட்ட வருஷத்துல 50 லட்சத்துக்கு மேல சரக்கு வாங்கினா 0.1%. இங்க தாண்டின தொகைக்கு மட்டும்தான். 62 லட்சத்துக்கு வாங்கினா 12 லட்சத்துக்கு 1,200 ரூபாய். மொத்தத்துக்கும் பிடிச்சா 6,200 ஆகும், அது தப்பு. இஆர்பிநெக்ஸ்ட்ல வரி வகையை உருவாக்கும்போது, தாண்டின தொகைக்கு மட்டும் பிடிக்கணுமான்னு ஒரு டிக் பாக்ஸ் வரும். பார்க்க சாதாரணமா இருக்கும். சட்டத்தோட ரெண்டு விதமான தர்க்கமும் அந்த ஒரு டிக்ல அடங்கியிருக்கு. 194சி-க்கு அதை எடுத்துடணும், 194க்யூ-க்கு போடணும்.

சரி, இந்தக் கூட்டுத்தொகையை சாஃப்ட்வேர் எங்கேயிருந்து எடுக்குது? நாம ஏற்கனவே டிடிஎஸ் விதிக்குள்ள போட்ட பில்களிலிருந்து. அங்கதான் மூணு ஓட்டை இருக்கு.

முதலாவது, ஒரே வெண்டர் ரெண்டு பேர்ல இருப்பார். 'பிரிண்டர்ஸ்' ஒண்ணு, 'ஸ்ரீ பிரிண்டர்ஸ்' ஒண்ணு. தலைமை ஆபீஸ்ல ஒருத்தர் உருவாக்கினது, கிளையில இன்னொருத்தர் உருவாக்கினது. ஒண்ணுல 60,000, இன்னொண்ணுல 70,000. சாஃப்ட்வேர் கண்ணுக்கு ரெண்டு பேருமே லட்சத்துக்குக் கீழே. வருமான வரித் துறை பார்க்கிறது பான் நம்பரை. அதுக்கு அவர் ஒரே ஆள், 1,30,000. ஒரே பான் ரெண்டு லெட்ஜர்ல வருதான்னு தேடுங்க.

ரெண்டாவது, வருஷ நடுவுல சாஃப்ட்வேர் மாத்தறது. அக்டோபர்ல பழசிலிருந்து புதுசுக்கு வர்றீங்க. ஓப்பனிங் பேலன்ஸ் எல்லாம் பைசா சுத்தமா வந்திடும். ஆனா பிரிண்டருக்குத் தர வேண்டிய பாக்கி பூஜ்யம்னா ஓப்பனிங் பேலன்ஸும் பூஜ்யம்தானே? ஏப்ரல்லேர்ந்து அவருக்கு 80,000 கொடுத்த செய்தி புது சாஃப்ட்வேருக்குத் தெரியவே தெரியாது. நவம்பர்ல 26,000 பில் போடும்போது அது முதல் பில்லுன்னு நினைச்சுக்கும். பிடிக்காது. டேட்டா மாத்திக் கொடுக்கிறவங்க பேலன்ஸ் டாலி ஆகுதான்னு பார்த்துட்டுப் போயிடுவாங்க, இதை யாரும் கேட்கிறதில்ல. ஏப்ரல் 1-ஆம் தேதி மாத்தினா இந்தத் தலைவலி கிடையாது, அன்னைக்கு எல்லாருக்கும் கணக்கு பூஜ்யத்துல ஆரம்பிக்குது.

மூணாவது இதுக்கு நேர் எதிர். டாலியில டிடிஎஸ் விவரங்களுக்குள்ள, வரம்பைப் பொருட்படுத்த வேண்டாம்னு சொல்ற ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை யாராவது 'யெஸ்' பண்ணி வச்சா முதல் ரூபாயிலிருந்தே பிடிக்க ஆரம்பிச்சிடும். ரெண்டாயிரம் ரூபாய்க்கு லோகோ வரைஞ்சு கொடுத்த காலேஜ் பையன்கிட்ட பிடிக்கிறது இப்படித்தான். அந்தப் பையன் 20 ரூபாய்க்காக ரிட்டர்ன் போடப் போறதில்ல. அவ்வளவுதான், அது போச்சு.

எந்தத் தேதி: விகிதம் மாறும், வரம்பு மாறும், வரம்போட வடிவமே மாறும்

கமிஷனுக்கு 194ஹெச். 2024 அக்டோபர் 1 வரும்போது 5%-லேர்ந்து 2% ஆச்சு. வருஷ நடுவுல. செப்டம்பர் 25-ல 80,000 ரூபாய் கமிஷன் பில் என்ட்ரி போட்டாச்சு, பணம் அக்டோபர் 10-ல போகுது. எத்தனை சதவீதம்? கணக்குல வரவு வைக்கிறது, பணம் கொடுக்கிறது, இதுல எது முந்தியோ அந்தத் தேதிதான் செல்லும். ஆகவே 5%, நாலாயிரம். பழைய மாஸ்டரைத் திறந்து 5-ஐ அழிச்சு 2-ன்னு போட்டவங்க, பின்னாடி தேதியிட்டு ஒரு பில் போட்டா மாட்டிப்பாங்க. விகிதத்தை அழிக்கக் கூடாது. எந்தத் தேதியிலிருந்துன்னு புது வரி சேர்க்கணும்.

வாடகை இன்னும் சுவாரசியம். 2025 மார்ச் வரைக்கும் 194ஐ-க்கு வரம்பு வருஷத்துக்கு 2,40,000. 2025 ஏப்ரல் 1 முதல் மாசத்துக்கு 50,000. எண் மட்டும் மாறல, வருஷக் கணக்கு மாசக் கணக்கா மாறிடுச்சு. மாசம் 22,000 வாடகை கொடுக்கிற ஆபீஸ் முன்னாடி பிடிக்கணும், ஏன்னா வருஷத்துக்கு 2,64,000. இப்போ பிடிக்க வேண்டாம். மாஸ்டர்ல பழைய 2,40,000 அப்படியே இருந்தா என்ன ஆகும்? பத்து மாசம் சும்மா இருக்கும். பதினொன்னாவது மாசம், பிப்ரவரியில, மொத்தம் 2,42,000 ஆன உடனே 10% கேட்கும். வீட்டு ஓனர் அம்மா போன் பண்ணுவாங்க.

எதிர்ப் பக்கமும் உண்டு. ஒரு எக்ஸிபிஷனுக்காக ரெண்டு மாசம் மட்டும் ஒரு ஹாலை மாசம் 60,000-க்கு எடுத்தீங்க. மொத்தம் 1,20,000. பழைய வரம்புப்படி ஒண்ணும் இல்ல, சாஃப்ட்வேர் வாயே திறக்காது. இப்போதைய விதிப்படி மாசம் 50,000-ஐத் தாண்டுது, முதல் மாசத்திலிருந்தே 10% பிடிக்கணும். அதே 2025 ஏப்ரல்ல 194ஜே வரம்பும் 30,000-லேர்ந்து 50,000 ஆச்சு, கமிஷன் வரம்பு 15,000-லேர்ந்து 20,000. ஏப்ரல் முதல் வாரத்துல மாஸ்டரைத் திறந்து பார்க்கலன்னா மார்ச்ல அழுவீங்க.

அட்வான்ஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிடறேன். ஆர்க்கிடெக்டுக்கு ஜூன்ல 60,000 அட்வான்ஸ். அப்பவே 6,000 பிடிக்கணும், பில் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. ஆகஸ்ட்ல ஒரு லட்சம் பில் வருது. மீதி 40,000-க்கு 4,000. பில்லை அட்வான்ஸோட இணைக்காம விட்டா சாஃப்ட்வேர் முழு லட்சத்துக்கும் மறுபடி பத்தாயிரம் பிடிச்சிடும். அவர்கிட்டேர்ந்து மொத்தம் 16,000.

மார்ச் 31 புரொவிஷனுக்கும் இது பொருந்தும். பில் இன்னும் வரல, செலவை மட்டும் எழுதி வைக்கிறோம், சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுக்கலாம்னு நினைப்பாங்க. சஸ்பென்ஸ்னு பேர் வச்சாலும் அது அந்த ஆளுக்கு வரவு வச்ச மாதிரிதான்னு சட்டமே சொல்லுது.

தப்பினா யாருக்கு நஷ்டம்

நிறுவனத்துக்கு என்ன ஆகும்னு வேகமா சொல்றேன். பிடிக்கவே இல்லன்னா மாசத்துக்கு 1% வட்டி. பிடிச்சுட்டுக் கட்டலன்னா மாசத்துக்கு 1.5%. கட்ட வேண்டிய தேதி அடுத்த மாசம் 7. மார்ச்ல பிடிச்சதுக்கு மட்டும் ஏப்ரல் 30. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 26கியூ தாக்கல், தாமதமானா நாளுக்கு 200 ரூபாய், பிடிச்ச வரித்தொகை வரைக்கும். இதைவிடப் பெரிய அடி 40(ஏ)(ஐஏ) பிரிவுல இருக்கு. ஆர்க்கிடெக்டுக்கு நாலு லட்சம் கொடுத்து டிடிஎஸ் பிடிக்கலன்னா, அதுல 30%, அதாவது 1,20,000 செலவு இல்லன்னு ஒதுக்கிடுவாங்க. அது உங்க லாபமா மாறி, அதுக்கும் வரி. பின்னாடி கட்டினா அந்த வருஷத்துல கழிச்சுக்கலாம்தான், ஆனா இந்த வருஷம் கையை விட்டுப் போகும்.

சின்ன கம்பெனிக்கு இது வலிக்கும். அதைவிட அதிகம் வலிக்கிறது எதிர்ப் பக்கத்துல இருக்கிற ஆளுக்கு, அதைப் பத்தி யாரும் பேசறதில்ல. பான்ல ஒரு எழுத்து மாறிப் போனா கம்பெனி புத்தகத்துல எல்லாம் சரியா இருக்கும். பிடிச்சாச்சு, கட்டியாச்சு, டிக். அந்த ஃப்ரீலான்ஸர் ஜூலையில ரிட்டர்ன் போட உட்காரும்போதுதான் தன்னோட பத்தாயிரம் எங்கேயும் இல்லன்னு பார்ப்பார். அப்போ அந்த அக்கவுண்டன்ட் வேலையை விட்டுப் போயிருப்பார்.

ஓட விடறதுக்கு முன்னாடி

லைவ் கம்பெனியில எதையும் மாத்த வேண்டாம். ஒரு டம்மி கம்பெனி உருவாக்குங்க. நான் சொன்ன பிரிண்டரோட நாலு பில்லைப் போடுங்க. நவம்பர்ல 1,060 வருதான்னு பாருங்க. 22,000 வாடகையைப் பன்னிரண்டு மாசம் போட்டு, எங்கேயாவது பிடிக்குதான்னு பாருங்க. பான் இல்லாம ஒரு வெண்டர். அட்வான்ஸோட ஒரு பில். ஒரு மதியம் போதும்.

அப்புறம் மாசக் கடைசியில, டாலியா இருந்தா 26கியூ ரிப்போர்ட்டைத் திறந்தா, சாஃப்ட்வேரால முடிவு பண்ண முடியாத என்ட்ரிகள் ஒரு தனி எண்ணிக்கையா நிக்கும். பான் இல்லாதது, வகை சொல்லாதது எல்லாம் அங்கே இருக்கும். அந்த எண்ணிக்கை பூஜ்யம் ஆகுற வரைக்கும் சலான் போடாதீங்க. டிடிஎஸ் லெட்ஜர் பாக்கியும் சலான் தொகையும் ஒண்ணா இருக்கணும்.

இன்னொரு சின்ன யோசனை. லெட்ஜருக்கு 'டிடிஎஸ் 194ஜே'ன்னு பேர் வைக்காதீங்க, 'டிடிஎஸ் தொழில்முறைக் கட்டணம்'னு வைங்க. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலா வருமான வரிச் சட்டம், 2025 அமலுக்கு வருது. சம்பளம் தவிர்த்த டிடிஎஸ் எல்லாம் அதுல 393-வது பிரிவோட அட்டவணைகளுக்குள்ள போகுது. மனப்பாடம் பண்ணின 194-கள் பழைய வருஷங்களுக்கு மட்டும்தான். எண் மாறும், பிரிண்டர் பிரிண்டராத்தான் இருப்பார்.

நேயர் கேள்விகள்

"ஜிஎஸ்டி மேலயும் டிடிஎஸ் பிடிக்கிறாங்க, சரியா?" பில்லுல ஜிஎஸ்டி-யைத் தனியாக் காட்டியிருந்தா பிடிக்கக் கூடாது. 2017-லயே சிபிடிடி இதைச் சுற்றறிக்கையில தெளிவாச் சொல்லிடுச்சு. 'வரி உட்பட 1,18,000'னு ஒரே தொகையா பில் போட்டீங்கன்னா முழுத் தொகைக்கும் பிடிப்பாங்க. உங்க பில் ஃபார்மட்டை மாத்துங்க.

"நானே ஃப்ரீலான்ஸர். எனக்குக் கீழே ஒரு எடிட்டருக்குப் பணம் கொடுக்கிறேன். நானும் பிடிக்கணுமா?" தனிநபரா இருந்தா, போன வருஷம் தொழில்முறை வரவு 50 லட்சத்தையோ, வியாபார விற்பனை 1 கோடியையோ தாண்டியிருந்தாத்தான் இந்தக் கடமை. ஒரே ஆளுக்கு வருஷத்துல 50 லட்சத்துக்கு மேல கொடுக்கிறவங்களுக்குத் தனி விதி இருக்கு, நம்மள்ல பலருக்கு அது வராது. பார்ட்னர்ஷிப்போ கம்பெனியோ ஆரம்பிச்சுட்டா இந்தச் சலுகை கிடையாது, முதல் வருஷத்திலிருந்தே பிடிக்கணும்.

"பணம் பிடிச்சுட்டாங்க, 26ஏஎஸ்-ல வரல. என்ன பண்றது?" முதல்ல தேதியைப் பாருங்க. ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் பிடிச்சது ஜூலை 31-க்குள்ள தாக்கல் ஆகணும். அடுத்த காலாண்டுகளுக்கு அக்டோபர் 31, ஜனவரி 31. கடைசிக் காலாண்டுக்கு மே 31. ஆகவே மே மாசம் பிடிச்சது ஜூன்ல தெரியலன்னா பதற வேண்டாம். தேதி தாண்டியும் வரலன்னா 16ஏ படிவம் கேளுங்க. தாக்கல் கெடு முடிஞ்சு 15 நாளுக்குள்ள அவங்க கொடுக்கணும். உங்க பான் நம்பரை மெயில்ல எழுத்தா அனுப்பி, 26கியூ-ல போட்டிருக்கிற எண்ணோட ஒப்பிடச் சொல்லுங்க. தப்பா இருந்தா திருத்தத் தாக்கல் பண்ண முடியும், அதை அவங்கதான் பண்ணணும், உங்களால முடியாது. 205-வது பிரிவு, பிடிக்கப்பட்ட வரியை மறுபடி உங்ககிட்ட கேட்கக் கூடாதுன்னு சொல்லுது. ஆனா ரிட்டர்னைச் சரிபார்க்கிற கம்ப்யூட்டர் 26ஏஎஸ்-ஐத்தான் பார்க்கும். அதனால பில், பேங்க் ஸ்டேட்மென்ட், டிடிஎஸ் கழிச்சதுன்னு அவங்க அனுப்பின பேமெண்ட் அட்வைஸ், மூணையும் ஒரே ஃபோல்டர்ல பத்திரமா வச்சுக்கோங்க. உங்க புத்தகத்துல வருமானத்தை 90,000-ன்னு எழுதாதீங்க. வருமானம் ஒரு லட்சம், வர வேண்டிய டிடிஎஸ் பத்தாயிரம்.

சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ் இதுல சேராது, அதோட தர்க்கமே வேற. அடுத்த எபிசோட்ல அதை எடுத்துக்கலாம்.